ஒட்டாத நுனிகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உட்ஸ் ஹோல் என்ற சிற்றூர் இருக்கிறது. கோடை வந்தால் அங்குள்ள கடல் உயிரியல் ஆய்வகத்தில் உயிரியலாளர்கள் வந்து கூடுவார்கள். பகலெல்லாம் நுண்ணோக்கி, மாலையில் சொற்பொழிவு என்று பொழுது போகும். 1938இல் அந்த அவையில் ஹெர்மன் மல்லர் பேசினார். பேச்சின் மையத்தில் இருந்தது அவர் கண்ட ஒன்றல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தும் கண்ணில் படாத ஒன்று.

1926இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மல்லர் பழ ஈக்களின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சத் தொடங்கினார். கதிர் பட்ட ஈயின் குரோமோசோம்கள் உடையும். உடைந்த துண்டுகள் சும்மா கிடப்பதில்லை, அருகில் கிடைத்த உடைந்த துண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றின் வால் இன்னொன்றின் உடம்பில் ஏறும். நடுத்துண்டு தலைகீழாகப் புரண்டு பழைய இடத்திலேயே உட்காரும். இப்படி எத்தனையோ கோளாறுகளை அவர் கணக்கெடுத்துவிட்டார். ஆனால் குரோமோசோமின் கடைசி நுனி மட்டும் போய், மீதி அப்படியே நிலைத்திருக்கும் ஈ ஒன்றுகூட அகப்படவில்லை. உடைந்த முனை உடைந்த முனையோடு ஒட்டியது. பிறவியிலேயே அமைந்த நுனி எதனோடும் ஒட்டவில்லை.

குரோமோசோமை எங்கே வெட்டினாலும் பசை, அதன் சொந்த நுனியில் மட்டும் பசை இல்லை என்றால், அங்கே ஏதோ ஒன்று உட்கார்ந்து அதை மூடிவைத்திருக்க வேண்டும். மல்லர் அதைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கான கருவியும் அப்போது இல்லை. ஆனாலும் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் டெலோஸ் என்றால் கடைசி, மெரோஸ் என்றால் பகுதி. இரண்டையும் சேர்த்து டெலோமியர் என்றார். பொருள் கைக்கு வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன.

டெலோமியர் என்றதும் மேல்நாட்டுப் பத்திரிகைகள் ஷூ லேஸின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் குழலைக் காட்டிவிடும். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான ஒன்று உண்டு. தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையின் முந்தானையில் பாவு நூல்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் இரண்டு துவையலில் ஓரம் பிரிந்துவிடும். அந்த நூல்களைப் பிரிவு பிரிவாக எடுத்து முறுக்கிக் குஞ்சம் கட்டுவார்கள். பிளாஸ்டிக் குழல் வெளியிலிருந்து மாட்டிய பொருள். குஞ்சமோ சேலையின் நூலாலேயே போட்ட முடிச்சு. அந்த முடிச்சு இந்தக் கதையில் பின்னால் வரும்.

மல்லர் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பது என்பது இந்தத் தொழிலில் லேசான வேலையல்ல. செல்லைச் சாயத்தில் நனைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மணிக்கணக்கில் உட்கார வேண்டும். மக்காச்சோளத்துக்குப் பத்து ஜோடி குரோமோசோம்கள். நீளம் எவ்வளவு, முடிச்சு எங்கே என்று பார்த்து, தெருவில் போகிறவரை நடையை வைத்தே இன்னார் என்று சொல்வதுபோல, ஒவ்வொன்றையும் அவர் அடையாளம் சொல்லுவார்.

அதே 1938இல் கோயம்புத்தூரிலும் ஒருவர் இதே பயிரின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த இ.கே. ஜானகி அம்மாள் அங்கிருந்த கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து ஒரு கலப்பினத்தை உண்டாக்கி, அதைப் பற்றி அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். பிறகு இங்கிலாந்து போய், சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். நுனிகள் அவருடைய ஆய்வுப் பொருள் அல்ல. ஆனால் தொழில் ஒன்றுதான்: சாயம், கண்ணாடித் தகடு, சலிக்காத கண்.

மெக்ளின்டாக் கண்டது ஒரு விபரீதச் சுழற்சி. உடைந்த இரண்டு முனைகள் ஒட்டிக்கொண்டால், ஒட்டிய குரோமோசோமில் செல் பிரியும்போது பிடித்திழுக்கும் இடங்கள் இரண்டாகிவிடும். இரு பக்கமும் இழுக்க, அது நடுவில் பாலம்போல நீண்டு, இழுபறிப் போட்டியில் கயிறு அறுவதுபோல அறும். அறுந்தது மறுபடி ஒட்டும், மறுபடி இழுபடும், மறுபடி அறும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் அறுவதால் மரபணுக்கள் சில ஒரு பக்கம் கூடும், சில மறுபக்கம் குறையும். சோள மணியின் மேல் தெளித்ததுபோலப் புள்ளியும் கோடுமாக நிறம் திரிவதற்கு இதுவே காரணம் என்று அவர் காட்டினார்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று இருந்தது. மணியின் மாவுப் பகுதியில் ஓயாமல் நடக்கும் இந்தச் சுழற்சி, முளைக்கரு வளரும்போது நின்றுவிடுகிறது. உடைந்த முனை புண் ஆறுவதுபோல ஆறி, அதன்பிறகு எதனோடும் ஒட்டாமல் நல்ல நுனியாகிவிடுகிறது. 1941இல் இதை அவர் எழுதினார். மாவுக்குக் கிடைக்காத எந்த மருந்து முளைக்கருவுக்குக் கிடைக்கிறது? கேள்வி அச்சில் ஏறி, நாற்பது ஆண்டுகள் அங்கேயே காத்திருந்தது.

அடுத்த அதிர்ச்சி வேறு திசையிலிருந்து வந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் கேரல் 1912இல் கோழிக்கருவின் இதயத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அது 1946 வரை, அவர் இறந்த பிறகும், வளர்ந்ததாகச் சொல்லப்பட்டது. ஆகவே செல்லுக்குச் சாவில்லை, உடம்புக்குத்தான் சாவு என்று ஒரு தலைமுறையே நம்பியது. 1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் இதைக் கவிழ்த்தார்கள். மனிதக் கருவின் செல்கள் சுமார் ஐம்பது முறை இரட்டித்ததும் நின்றுவிட்டன. ஊட்டத்தில் குறையோ குடுவையில் அழுக்கோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க அவர்கள் செய்த சோதனை அழகானது. பலமுறை பிரிந்து கிழடான ஆண் செல்களையும், இளமையான பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்தார்கள். சில காலம் கழித்துப் பார்த்தால் பெண் செல்கள் மட்டும் இருந்தன. ஆணா பெண்ணா என்று சொன்னது குரோமோசோம்தான். ஊட்டம் இரண்டுக்கும் ஒன்று, குடுவையும் ஒன்று. கணக்கு ஏதோ செல்லுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

1966இல் மாஸ்கோவில் ஒரு சொற்பொழிவில் இந்தச் செய்தியைக் கேட்டார் அலெக்ஸி ஒலோவ்னிகோவ் என்ற உயிரியலாளர். அதையே நினைத்தபடி சுரங்க ரயில் நிலையத்தில் நின்றார். ரயில் வந்தது. தண்டவாளம் டி.என்.ஏ., அதன்மேல் ஓடும் ரயில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி என்று அவர் மனம் ஒப்பிட்டது. ரயில் நிற்கும்போது அதன் முகப்புக்கும் முதல் கதவுக்கும் இடையில் ஏற இறங்க முடியாத ஒரு துண்டு இருக்குமே, நகலெடுக்கும் நொதிக்கும் அப்படி ஒரு எட்டாத துண்டு நுனியில் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. அப்படியானால் ஒவ்வொரு நகலும் மூலத்தைவிடச் சற்றுக் குட்டையாகும். குட்டையாகிக் குட்டையாகி ஒரு நாள் செல் நிற்கும். 1971இல் ரஷ்ய மொழியிலும் 1973இல் ஆங்கிலத்திலும் இதை வெளியிட்டார். இனப்பெருக்கச் செல்லிலும் புற்றுச் செல்லிலும் இந்த இழப்பை ஈடுகட்ட ஒரு சிறப்பு நொதி இருக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார். நகலெடுக்கும் நொதி நுனியில் தடுமாறும் என்பதை ஜேம்ஸ் வாட்சனும் 1972இல் வேறு வழியில் கண்டு எழுதினார். வாட்சன் உலகறிந்த பெயர். ஒலோவ்னிகோவின் பெயர் இன்றும் பாடப்புத்தகங்களின் ஓரத்தில்தான் நிற்கிறது. ஒரு ரயிலடி யோசனைக்கு இவ்வளவு நீளமான வாரிசு வரிசை இருந்தும் அப்படி.

இதுவரை எல்லாம் ஊகம். நுனியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படிக்கவில்லை. மனிதனின் 46 குரோமோசோம்களுக்கு 92 நுனிகள். அத்தனை நீள டி.என்.ஏ.வில் அவற்றைத் தேடுவது கடலில் கரைத்த பெருங்காயத்தைத் தேடுவதற்குச் சமம். அதனால் நுனி மலிந்த உயிர் ஒன்று தேவைப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காலிடம் அப்படி ஒன்று இருந்தது. குளத்து நீரில் நீந்தும் டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் உயிரி அது. அதற்கு இரண்டு உட்கருக்கள். பெரிய உட்கருவுக்குள் ஒரே மாதிரியான குட்டி டி.என்.ஏ. இழைகள் சுமார் 10,000 இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஃபிரெட் சாங்கரிடம் டி.என்.ஏ.வைப் படிக்கும் வித்தையைக் கற்ற எலிசபெத் பிளாக்பர்ன் 1975இல் காலிடம் வந்து சேர்ந்தார். 1978இல் இருவரும் வெளியிட்ட விடை பலரை ஏமாற்றியிருக்கும். நுனியில் மரபணு இல்லை, செய்தி இல்லை. டி, டி, ஜி, ஜி, ஜி, ஜி என்ற ஆறே எழுத்து, இருபது முதல் எழுபது முறை திரும்பத் திரும்ப. இம்போசிஷன் எழுதிய நோட்டுப் புத்தகம் போல.

1980இல் ஒரு மாநாட்டில் பிளாக்பர்ன் இதைப் பேசியபோது ஜாக் ஷோஸ்டாக் அவையில் இருந்தார். ஈஸ்ட் செல்லுக்குள் நேரான டி.என்.ஏ.வைப் போட்டால் அது நிலைக்காமல் சிதைவதைப் பார்த்து அலுத்துப்போயிருந்தவர் அவர். டெட்ராஹைமீனாவின் நுனியை வெட்டி ஈஸ்ட்டில் போடும் டி.என்.ஏ.வின் இரு முனையிலும் ஒட்டினால் என்ன? குளத்து உயிரி எங்கே, மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் எங்கே. பலிக்கும் என்று பந்தயம் கட்டுகிறவர் யாரும் இல்லாத சோதனை. பலித்தது, 1982இல் வெளியானது. அதைவிட ஒன்று, அந்த அந்நிய நுனியின் மேல் ஈஸ்ட் தன்னுடைய எழுத்துகளைத் தானே சேர்த்துக்கொண்டே போயிருந்தது. சேர்ப்பதற்கு ஒரு கை இருந்தாக வேண்டும்.

அந்தக் கையைப் பிடித்தவர் கேரல் கிரெய்டர். பெர்க்லியில் பிளாக்பர்னின் மாணவியாக 1984இல் சேர்ந்தவர், அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஆய்வகத்துக்குப் போய்க் கதிரியக்கப் படத்தைக் கழுவிப் பார்த்தார். ஆறு எழுத்துக்கு ஒரு படி வீதம் ஏணிபோலக் கோடுகள் ஏறியிருந்தன. டெலோமரேஸ் என்று பின்னால் பெயர் பெற்ற நொதி அது. எதைப் பார்த்து அது எழுதுகிறது? தனக்குள்ளேயே ஓர் ஆர்.என்.ஏ. துண்டை அச்சாக வைத்துக்கொண்டிருக்கிறது என்பது 1989இல் நிரூபணமாயிற்று. மக்காச்சோளத்தின் முளைக்கரு தன் முனைகளை ஆற்றிக்கொண்ட மருந்து எது என்ற மெக்ளின்டாக்கின் கேள்விக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்தது.

1988இல் மனித நுனியும் படிக்கப்பட்டது. டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி. டெட்ராஹைமீனாவுக்கும் மனிதனுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. 1990இல் கால்வின் ஹார்லி, புரூஸ் ஃபுட்சர், கிரெய்டர் மூவரும் குடுவையில் வளரும் மனிதச் செல்களின் நுனி பிரியப் பிரியக் குறைவதை அளந்து காட்டினார்கள். மாஸ்கோ ரயிலடியின் ஊகம் அளவுகோலில் ஏறியது. 1998இல் டெலோமரேஸை வேலை செய்யவைத்த செல்கள் ஹேஃப்ளிக்கின் எல்லையைத் தாண்டி ஓடின. 2009இல் பிளாக்பர்ன், கிரெய்டர், ஷோஸ்டாக் மூவருக்கும் மருத்துவ நோபல். தொலைபேசி மணி அடித்த விடியற்காலையில் கிரெய்டர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு டெலோமியர் கடைச் சரக்கும் ஆயிற்று. நுனியின் நீளத்தை அளந்து உங்கள் உண்மையான வயதைச் சொல்கிறோம் என்றும், நீளமாக்க மாத்திரை தருகிறோம் என்றும் விளம்பரங்கள் வந்தன. வாங்குவதற்கு முன் ஆய்வகச் சுண்டெலியை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். அதன் டெலோமியர் மனிதனுடையதைவிடப் பல மடங்கு நீளம், ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டு. புற்றுநோய்க் கட்டிகளில் பத்தில் எட்டு ஒன்பதில் டெலோமரேஸ் விழித்திருக்கிறது என்பதும் விளம்பரத்தில் இருக்காது.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நோபலோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் மல்லருக்குப் பதில் சொல்லாமல் போய்விடுகிறோம். அவர் கேட்டது நுனி ஏன் குறைகிறது என்றல்ல, ஏன் ஒட்டுவதில்லை என்று. ஆறெழுத்து எத்தனை முறை எழுதியிருந்தால் என்ன, டி.என்.ஏ. முனை டி.என்.ஏ. முனைதான். அறுந்த டி.என்.ஏ.வைத் தேடி ஒட்டும் பழுதுபார்ப்புப் படை ஒவ்வொரு செல்லிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 92 நுனிகளைக் கண்டும் காணாமல் அது ஏன் போகிறது? பதில் எழுத்தில் இல்லை. எழுத்தைக் கட்டிவைத்திருந்த பொதியில் இருந்தது.

பொதியின் வரலாறு எழுத்தின் வரலாற்றுக்கு இளையதல்ல. 1884இலேயே ஜெர்மானிய வேதியியலர் ஆல்பிரெக்ட் கோசெல் பெருவாத்தின் ரத்தச் செல்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து ஹிஸ்டோன் என்று பெயரிட்டார். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, மனிதச் சிவப்பணுவில் இல்லை, அதனால் பெருவாத்து. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பரம்பரையைச் சுமப்பது புரதம்தான் என்று பலரும் நம்பினார்கள். 1944இல் ஆஸ்வால்ட் ஏவரி குழு டி.என்.ஏ.வைச் சுட்டிக்காட்டியதும் தராசு சாய்ந்தது. புரதம் வெறும் சாக்குத்துணி ஆயிற்று. சரக்கு வந்தபின் சாக்கை யார் பார்ப்பார்கள்?

1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் சாக்கைப் பார்த்தார். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு கட்டையாக நிற்க, அதன்மேல் டி.என்.ஏ. நூல் சுற்றியிருக்கிறது, அடுத்து ஒரு கட்டை, அதற்கடுத்து ஒன்று. நியூக்ளியோசோம் என்ற இந்த அலகை 1997இல் கரோலின் லூகரும் டிமோத்தி ரிச்மண்டும் அணு அணுவாகப் படம்பிடித்தார்கள். கட்டைக்குச் சுமார் 147 எழுத்து, ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான சுற்று. ஒரு மனிதச் செல்லில் இரண்டு மீட்டர் டி.என்.ஏ. அடங்குவதன் முதல் சூட்சுமம் இதுதான்.

நுனியில் இந்தக் கட்டைகள் எப்படி இருக்கின்றன? கட்டைக்குக் கட்டை இடையில் வெட்டும் நொதியைப் போட்டு, விழும் துண்டுகளை அளந்து பார்ப்பது வழக்கம். 1993இல் எலியின் நுனியை இப்படி அளந்தபோது, மற்ற இடங்களைவிட நாற்பது எழுத்துபோல நெருக்கமாகக் கட்டைகள் நின்றன: நுனியில் சுமார் 157 எழுத்துக்கு ஒன்று. டி.என்.ஏ. கட்டையைச் சுற்றி வளைவதற்குப் பத்துப் பத்து எழுத்துக்கு ஒரு முறை வாகான இடம் வேண்டும். ஆறெழுத்துத் தாளம் அந்தப் பத்தோடு இணங்காது. ஆகவே நுனிக் கட்டைகளுக்கு நிலையான இருக்கை இல்லை, நகரும், வழுக்கும். நெருக்கமான, ஆனால் தளர்வான கட்டு.

ஹிஸ்டோன் குரோமோசோம் முழுக்க இருக்கிறது. நுனிக்கே உரிய புரதம் உண்டா? இதற்கும் ஒரு குளத்து உயிரிதான் வழி திறந்தது. ஆக்சிட்ரைக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி தன் பெரிய உட்கருவில் டி.என்.ஏ.வை மரபணு அளவிலான துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளும். எங்கு பார்த்தாலும் நுனி. 1986இல் டேனியல் காட்ஷ்லிங்கும் வர்ஜீனியா சாக்கியனும் அந்த நுனிகளை விடாமல் பற்றியிருக்கும் புரதத்தைக் காட்டினார்கள். இருவரும் பங்குகொண்ட 1990ஆம் ஆண்டின் ஈஸ்ட் ஆய்வு ஒன்றில், நுனிக்கு அருகே கொண்டுபோய் வைத்த மரபணு அடிக்கடி வாயடைத்துப்போவது தெரிந்தது. அதனால் ஈஸ்ட் கூட்டங்கள் சிவப்பும் வெள்ளையுமாகக் கீற்றுக் கீற்றாக வளர்ந்தன. மெக்ளின்டாக்கின் சோள மணியை நினைவூட்டும் காட்சி, காரணம் வேறு: இங்கே எதுவும் உடையவில்லை, பொதி இறுகியதில் எழுத்து மறைந்திருந்தது.

மனித நுனியின் புரதங்களைத் தேடி டச்சு நாட்டவரான டிட்டியா டி லாங்கே 1990இல் ராக்ஃபெல்லரில் ஆய்வகம் தொடங்கினார். அலெக்சிஸ் கேரலின் சாகாத கோழி இதயம் இருந்த அதே ராக்ஃபெல்லர். புற்றுச் செல்களைப் பெருமளவில் வளர்த்து வடித்ததில் 1995இல் டி.ஆர்.எஃப்.1 என்ற புரதம் கிடைத்தது. 1997இல் அதன் உடன்பிறப்பான டி.ஆர்.எஃப்.2. இந்த இரண்டாவதுதான் மல்லர் தேடிய ஆள். 1998இல் டி லாங்கேயின் குழு அதை நுனியிலிருந்து விரட்டிப் பார்த்தது. குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டத் தொடங்கின. 2005இல் எலிச் செல்களிலிருந்து அதை முழுதாக நீக்கியபோது குரோமோசோம்கள் சரக்கு ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல நீளத் தொடராக ஒட்டிக்கிடந்தன. ஒட்டிய இடங்களில் ஆறெழுத்து அப்படியே இருந்தது. எழுத்து ஒன்றும் குறையவில்லை, காவல் மட்டும் போயிருந்தது.

காவல் எப்படி நடக்கிறது என்பதற்குப் படம் 1999இல் வந்தது. வட கரோலினாவில் ஜாக் கிரிஃபித் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் டி.என்.ஏ. இழைகளைப் படம் எடுப்பதில் பெயர்போனவர். மனிதச் செல்லின் நுனிகளைப் பிரிக்கும் முன் ஒரு வேதிப்பொருளால் இழைகளை இறுக்கிவைத்து அவர் பார்த்தபோது, நுனி நேராக நிற்கவில்லை. பெரிய வளையமாகத் திரும்பியிருந்தது. குரோமோசோமின் கடைசியில் ஓர் இழை மட்டும் ஐம்பது முதல் முந்நூறு எழுத்து நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். அந்த ஒற்றையிழை பின்னால் வளைந்து, இரட்டை இழைக்குள் புகுந்து செருகிக்கொள்கிறது. வேட்டியின் நுனியை மடித்து இடுப்பில் செருகுவதைப் போல. வெளியே முனை என்று ஒன்று தெரிந்தால்தானே பழுதுபார்ப்புப் படை வரும்? ஷூ லேஸ் உவமையைத் தள்ளிவைத்ததற்கும் இதுதான் காரணம்: குழல் எதுவும் மாட்டப்படவில்லை, நூலே முடியப்பட்டிருக்கிறது. முடியும் விரல்களில் முக்கியமானது டி.ஆர்.எஃப்.2. அது இல்லாத செல்களில் வளையம் மறைவதை 2013இல் புதிய வகை ஒளி நுண்ணோக்கிகள் உறுதிசெய்தன.

மற்ற புரதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒற்றையிழையைப் பற்றும் போட்1 2001இல் கிடைத்தது. நடுவில் நின்று எல்லாரையும் இணைக்கும் டின்2, டி.ஆர்.எஃப்.2இன் மேல் அமரும் ராப்1 இரண்டும் அதற்கு முன்பே தெரியும். ஆறாவதை 2004இல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே கண்டுபிடித்து டின்ட்1, பிடாப், பிப்1 என்று மூன்று பெயர் வைத்தன. வழக்கு வேண்டாம் என்று மூன்றின் தலையெழுத்துகளையும் சேர்த்து டி.பி.பி.1 என்று சமரசம் செய்துகொண்டார்கள். அந்தப் பெயரில் சம்பந்தமே இல்லாத இன்னொரு புரதம் ஏற்கெனவே இருந்ததால் குழப்பம் இன்றும் தொடர்கிறது. ஆறும் சேர்ந்த கூட்டுக்கு 2005இல் டி லாங்கே ஷெல்டரின் என்று பெயர் சூட்டினார். நம் ஊர்ப் பேருந்து நிறுத்தக் கூரைக்கு நிழற்குடை என்று எழுதிவைக்கிறார்களே, அந்த ஷெல்டர்தான்.

நிழற்குடை ஒதுங்கி நிற்க மட்டும் அல்ல. டெலோமரேஸை நுனிக்கு வரவழைப்பதும் இதே கூட்டின் டி.பி.பி.1தான். நுனி போதுமான நீளம் வந்ததும் நிறுத்தச் சொல்வதும் பொதிப் புரதங்களே. 1997இல் ஈஸ்ட்டில் நடந்த ஒரு சோதனை, செல் எழுத்தை அளப்பதில்லை, எழுத்தின் மேல் எத்தனை ராப்1 உட்கார்ந்திருக்கிறது என்று ஆள் எண்ணுகிறது என்று காட்டியது. பொதி கெட்டால் நோயும் உண்டு. நகம் சிதைந்து, தோலில் நிறத் திட்டு படர்ந்து, எலும்பு மஜ்ஜை ஓய்ந்துபோகும் ஒரு பரம்பரை நோய்க்கு டெலோமரேஸ் குறைபாடு காரணம் என்று 1999இல் தெரிந்தது. 2008இல் அதே நோயுள்ள சிலரிடம் பழுது இருந்தது டின்2இல்.

மல்லரின் ஈக்களைப் பற்றிய ஒரு வேடிக்கை இங்கே விட்டுப்போகக் கூடாது. டெலோமியர் என்ற சொல்லுக்குப் பிறப்பிடமான பழ ஈயிடம் டெலோமரேஸே இல்லை. ஆறெழுத்துத் தாளமும் இல்லை, ஷெல்டரினும் இல்லை. 1990களில் பார்த்தால், அதன் நுனியை நீட்டிக்கொடுப்பவை இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்கள். நுனி தேயத் தேய அவை தாவி வந்து அங்கே உட்காருகின்றன. மரபணுக்கள் தாவும் என்று உலகுக்குச் சொன்னவர் மெக்ளின்டாக். உடைந்த முனைகளைத் துரத்திய சோளச் செடிகளில்தான் அதை அவர் கண்டார், 1983இல் நோபல் கிடைத்ததும் அதற்காகத்தான். மல்லரின் ஈயில் நுனியை நீட்டியது மெக்ளின்டாக்கின் பொருள். அப்படியும் ஈயின் நுனி ஒட்டாமல் இருக்கிறதென்றால், அங்கே வேறொரு புரதக் கூட்டம் அதே காவலைச் செய்கிறது. எழுத்து மாறலாம், நொதி மாறலாம், பொதி இல்லாத நுனி மட்டும் எங்கும் இல்லை.

ஆனாலும் கணக்கு முடிந்துவிட்டது என்று யாராவது நினைத்திருந்தால் 2021இல் 'நேச்சர்' இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் அதைக் கலைத்தன. எலிக் கருவின் மூலச் செல்களில் டி.ஆர்.எஃப்.2ஐ நீக்கினாலும் குரோமோசோம்கள் பெரும்பாலும் ஒட்டவில்லை, வளையமும் அவிழவில்லை. அதே செல்கள் முதிரத் தொடங்கியதும் ஒட்ட ஆரம்பித்தன. கருவுக்கு ஒரு சட்டம், வளர்ந்த உடம்புக்கு ஒரு சட்டம். மிசூரியின் சோள மணியில் மாவுக்கும் முளைக்கருவுக்கும் இடையே இருந்த வேறுபாட்டோடு இது நேர்த் தொடர்புடையதல்ல. இருந்தாலும் மெக்ளின்டாக் இருந்திருந்தால் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டிருப்பார்.

2022இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படம் வந்தது. லார்ஸ் நோர்டன்ஷோல்டு, டேனியலா ரோட்ஸ் குழுவினர் மனித நுனியின் ஆறெழுத்து டி.என்.ஏ.வையும் ஹிஸ்டோன்களையும் ஆய்வகத்தில் ஒன்றுசேர்த்து, உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நாணயம் அடுக்கியதுபோல ஏறித் தூணாக நின்றன. 132 எழுத்துக்கு ஒரு கட்டை. இடைவெளியே இல்லாமல் டி.என்.ஏ. தூணை ஒரே தொடர் சுருளாகச் சுற்றியிருந்தது. தூண் சில இடங்களில் வாய் திறந்தும் இருந்தது. அடுக்கிலிருந்து ஒரு கட்டை விலகி வெளியே புரள, மூடியிருந்த ஹிஸ்டோனின் முகம் வெளியே தெரிந்தது. மற்ற புரதங்கள் வந்து பற்றிக்கொள்ள வசதியான முகம் அது. பெருவாத்தின் ரத்தத்திலிருந்து கோசெல் பிரித்தெடுத்து 138 ஆண்டுகள் ஆகியிருந்தன.